சிறிய 9 மில்லிமீற்றர் பிஸ்டலைத் தற்காப்புக்கு எப்படி மதிப்பிடுவது: சம்மாந்துறை நெல் வியாபாரி ஒருவருக்கு விரிவான பதில்

நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அறுவடைக் காலத்தில் சம்மாந்துறையிலிருந்து வயல் வட்டைகளுக்கு நெல் வாங்கப் போகும்போது உங்கள் கையில் பெருந்தொகைப் பணம் இருக்கிறது. கடந்த பெரும்போகத்தில் இரண்டு தடவை, இருட்டிய பிறகு, விளக்கணைத்த மோட்டார் சைக்கிள் ஒன்று உங்கள் வாகனத்தைப் பின்தொடர்ந்திருக்கிறது. தற்காப்புத் துப்பாக்கிக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறீர்கள். அனுமதி கிடைத்தால், சட்டைக்குள் மறையக்கூடிய சிறிய அரைத் தானியங்கி 9 மில்லிமீற்றர் பிஸ்டல் போதுமா, அதன் தரத்தை எதை வைத்துத் தீர்மானிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்று ஆயுதத்தைப் பற்றியது. மற்றது, அந்த ஆயுதம் உங்களைப் பணத்தோடும் உயிரோடும் வீடு சேர்க்குமா என்பது. இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் முதலாவதற்கு மட்டும் பதில் சொன்னால் உங்களுக்குத் தீங்கு செய்தவனாவேன்.

நான் பொலிஸ் சேவையில் 26 ஆண்டுகள் இருந்தேன். அவற்றில் 11 ஆண்டுகள் ஆயுதக் களஞ்சியப் பொறுப்பிலும் சுடுதிடலில் பயிற்சி கொடுப்பதிலும் கழிந்தன. இப்போது ஓய்வு பெற்று மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கிறேன். பிஸ்டல்களைக் கழற்றிப் பூட்டியும், ஆயிரக்கணக்கான ரவைகள் சுடப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தும் அறிந்தவற்றை உறுதியாகச் சொல்வேன். சட்டத்தைப் பற்றி நான் சொல்வது ஒரு பொலிஸ்காரருக்குத் தெரிந்த அளவே. விண்ணப்பத்துக்கு முன் சட்டத்தரணி ஒருவரிடம் கட்டாயம் பேசுங்கள்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பதை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும், அதற்குப் பின்னர் வந்த திருத்தங்களும். யானைக்கும் பன்றிக்கும் எதிராக வயலைக் காக்க வழங்கப்படும் வேட்டைத் துவக்குக்கு மாவட்டச் செயலாளரே அனுமதி தருகிறார் என்பது நம் பகுதி விவசாயிகள் அறிந்ததே. பிஸ்டலும் ரிவோல்வரும் அப்படியல்ல. அவை பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கின்றன, உயிருக்கு உண்மையான அச்சுறுத்தல் உண்டென்று பொலிஸ் அறிக்கை காட்ட வேண்டும், அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தற்காப்புக்கென ஏற்கெனவே வழங்கப்பட்ட துப்பாக்கிகளையே மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி அமைச்சு அறிவித்ததையும் நினைவில் வைத்திருங்கள். ஆகவே கிடைக்கும் என்ற நிச்சயத்தோடு திட்டம் போடாதீர்கள். கிடைத்தாலும், வெளிநாட்டுக் கடைகளில் போல நாற்பது வகைகளை வரிசையாக வைத்துத் தெரிவுசெய்யும் நிலைமை இங்கே இல்லை. அனுமதி தாமதமாகிறதே என்று, யாரோ ஒருவர் மறைவாகக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லும் பிஸ்டலைத் தொட்டும் பார்க்காதீர்கள். அதன் முன்வரலாறு உங்களுக்குத் தெரியாது. அந்தக் குழலிலிருந்து எந்தக் கொலைக்கான சன்னம் புறப்பட்டதோ, அந்த வழக்கு உங்கள் வாசலுக்கு வரும்.

தற்காப்பு உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பது தண்டனைச் சட்டக் கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகளில் இருக்கிறது. பொது அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தபோது அந்த உரிமை கிடையாது. பாதுகாப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை கிடையாது. பணப்பையைப் பறித்துக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுகிறவனைச் சுடுவது ஒன்று, உங்கள் கழுத்துக்குக் கத்தி வீசுகிறவனைச் சுடுவது இன்னொன்று. நீதிமன்றத்தில் இந்த வேறுபாட்டை விளக்க மாதக்கணக்கில் வாதம் நடக்கும். வயல் வீதியில் அதைத் தீர்மானிக்க உங்களுக்குக் கிடைப்பது இரண்டு விநாடி.

இனி ஆயுதத்துக்கு வருகிறேன். அரைத் தானியங்கி என்றால் விசையை ஒரு தடவை அழுத்த ஒரு ரவை மட்டும் சுடப்படும். சுட்டதன் உதையைக் கொண்டே பிஸ்டல் வெற்றுக் கோதை வெளியே எறிந்து, அடுத்த ரவையை, ரவைகள் அடுக்கியிருக்கும் பெட்டியான மகசினிலிருந்து எடுத்துக் குழலுக்குள் ஏற்றிக்கொள்ளும். சிறியது என்ற சொல்லுக்குள் பல அளவுகள் அடங்கியிருப்பதால் சில எண்களை வைத்துப் பேசுவது நல்லது. 1980களின் தொடக்கத்தில் வந்த க்ளொக் 17, முழு அளவிலான சேவைப் பிஸ்டல்; அதன் குழல் 114 மில்லிமீற்றர், மகசினில் 17 ரவைகள். அதே கொம்பனி 1988இல் கொண்டுவந்த க்ளொக் 19 நடுத்தர அளவு. 102 மில்லிமீற்றர் குழல், 15 ரவைகள். அதற்கும் கீழே க்ளொக் 26 வந்தது. 87 மில்லிமீற்றர் குழல், 10 ரவைகள். 2018இல் வந்த சிக் பி365 போன்றவை இன்னும் மெல்லியவை; குழல் ஏறத்தாழ 79 மில்லிமீற்றர்தான், ஆயினும் 10 ரவைகள் கொள்ளும். நீங்கள் இணையத்தில் பார்த்து ஆசைப்பட்டது இந்தக் கடைசி வகை என்று உங்கள் விவரிப்பிலிருந்து ஊகிக்கிறேன்.

அந்தக் கடைசி வகை கெட்ட ஆயுதம் அல்ல. பழகியவர் கையில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது பழகாதவருக்கான ஆயுதம் என்ற எண்ணம் முழுத் தவறு, அந்தத் தவற்றைத்தான் என் பயிற்சிக் காலம் முழுவதும் திருத்த வேண்டியிருந்தது. சிறிய பொருள் என்றால் கையாள எளிது என்று மனம் இயல்பாக நினைத்துக்கொள்கிறது. பிஸ்டலில் நடப்பது நேர்மாறு. 9 மில்லிமீற்றர் ரவை எந்தப் பிஸ்டலுக்குள் இருந்தாலும் ஏறத்தாழ அதே உந்தத்தோடுதான் பின்னோக்கி உதைக்கிறது. அந்த உதையைத் தாங்கும் எடை மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், கைக்கு வந்து சேரும் பின்னடிப்புச் சக்தி ஒன்றரை மடங்காகிறது. ரவை நிரம்பிய க்ளொக் 17 ஏறத்தாழ 900 கிராம். மிகச் சிறிய வகைகள் நிரம்பிய நிலையில் 650 கிராமுக்கும் குறைவு. அதோடு பிடியும் குட்டையானது, சுண்டுவிரல் தொங்கிக்கொண்டு நிற்கும். சுண்டுவிரல்தானே என்று நினைக்க வேண்டாம். கத்தரிக்காய் நறுக்கும் கத்தியை அந்த விரலை விட்டுவிட்டுப் பிடித்துப் பாருங்கள், பிடியின் பலத்தில் அதற்கு எவ்வளவு பங்கு என்பது தெரியும்.

குறிபார்ப்பதிலும் இதே கதை. பிஸ்டலின் மேலே குறிபார்க்க வைத்திருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரம் 150 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கை ஒரு மில்லிமீற்றர் பிசகினால், 7 மீற்றருக்கு அப்பால் சன்னம் ஏறத்தாழ 47 மில்லிமீற்றர் விலகும். அந்த இடைத்தூரம் 120 மில்லிமீற்றராகக் குறைந்தால் விலகல் 58 மில்லிமீற்றர். அமைதியாக நிற்கும் சுடுதிடலில் இது பெரிய வேறுபாடு இல்லை. இதயம் படபடக்க, கை நடுங்க, இருட்டில் நிற்கும்போது பிசகு ஒரு மில்லிமீற்றரோடு நிற்காது. அப்போது இந்தப் பெருக்கம் உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

நம்பகத்தன்மைதான் எல்லாவற்றிலும் முதன்மையானது, அதில் சற்று நின்று பேச வேண்டும். பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடுகிற பகுதியை ஸ்லைட் என்கிறோம். சுட்டவுடன் அது பின்னால் போய், கோதை வெளியேற்றி, சுருளின் உந்துதலால் முன்னே திரும்பும்போது மகசினின் மேலிருக்கும் ரவையைத் தள்ளிக்கொண்டு வந்து குழலுக்குள் ஏற்றுகிறது. பெரிய பிஸ்டலில் ஸ்லைட் கனமானது, அது ஓடும் தூரமும் கூடுதலானது, ஆகவே ஒவ்வொரு செயலுக்கும் சற்று அவகாசம் உண்டு. சிறிய பிஸ்டலில் ஸ்லைட் இலேசானது, ஓடும் தூரமும் குறைவு. இலேசான ஸ்லைட் வேகமாகப் பின்னால் அடிக்கப்படாமல் இருக்கக் கடுமையான சுருள் வைக்கிறார்கள். அந்தச் சுருள் ஸ்லைட்டைப் படீரென்று முன்னே தள்ளும்; அதற்குள் மகசினின் சுருள் அடுத்த ரவையை மேலே தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும். மகசினின் சுருள் தளர்ந்திருந்தால், அல்லது மகசினுக்குள் மணல் புகுந்திருந்தால், அல்லது ரவை வலுக் குறைந்ததாக இருந்தால், இந்த ஒத்திசைவு தவறிவிடும். சுடுபவரின் மணிக்கட்டு தளர்ந்திருந்தாலும் இதேதான் நடக்கும். ஸ்லைட் ஓடுவதற்குப் பிடியோடு சேர்ந்த அடிச்சட்டம் அசையாமல் நிற்க வேண்டும், அடிச்சட்டமும் சேர்ந்து பின்னால் போனால் ஸ்லைட் முழுத்தூரம் ஓடாது, கோது வாயிலில் சிக்கிக்கொள்ளும். பெரிய பிஸ்டல் பொறுத்துக்கொள்ளும் தளர்வைச் சிறிய பிஸ்டல் பொறுத்துக்கொள்ளாது.

என் பயிற்சி வகுப்பொன்றில் உயரமும் உடற்பலமும் கொண்ட இளைஞர் ஒருவர் இருந்தார். சேவைப் பிஸ்டலில் அவர் குறி தவறியதே இல்லை. சிறிய பிஸ்டல் ஒன்றைக் கொடுத்தபோது, முதல் மகசினிலேயே மூன்று தடவை சிக்கியது. பிஸ்டல் பழுது என்று திருப்பித் தந்தார். அதே பிஸ்டலில், அதே பெட்டி ரவைகளில், இன்னொரு பயிற்றுநர் இரண்டு மகசின்களைச் சிக்கலின்றிச் சுட்டுக் காட்டினார். இளைஞரின் கை பெரியது, குட்டைப் பிடியில் அவருடைய இரண்டு விரல்களுக்குத்தான் இடம் கிடைத்திருந்தது, மணிக்கட்டு மடங்கிக்கொண்டே இருந்தது. மூன்று நாள் பயிற்சியில் அவர் அதைச் சரிசெய்துகொண்டார். அந்த மூன்று நாள் பயிற்சி உங்களுக்கு எங்கே கிடைக்கும் என்பதுதான் நான் உங்களிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி.

மேலைநாட்டவர் சொல்லும் பொதுவான அறிவுரை ஒன்று உண்டு: புதிய பிஸ்டலை நம்புவதற்கு முன், நீங்கள் உண்மையில் வைத்திருக்கப்போகும் அதே வகை ரவையில் இருநூறாவது சுட்டுப் பாருங்கள் என்பார்கள். அறிவுரை சரியானது. ஆனால் அனுமதிப்பத்திரத்தின்படி அளவாகவே ரவை கிடைக்கும் நம் நாட்டில், தனியொருவர் அப்படிச் சுட்டுப் பார்ப்பது பெரும்பாலும் நடவாத காரியம். அப்படியானால் பல இலட்சம் பேர் பல ஆண்டுகள் பயன்படுத்திச் சோதித்த பழைய மாதிரியைத் தெரிவுசெய்வதே உங்கள் சோதனைக்கு ஈடாகும். புதிதாகச் சந்தைக்கு வந்த மாதிரியின் குறைகள் முதல் ஓரிரு ஆண்டுகளில் வாங்குபவர்களின் கையில்தான் வெளிப்படும். 2017இல் பெயர் பெற்ற மாதிரி ஒன்று, குறித்த கோணத்தில் கீழே விழுந்தால் தானாகச் சுடக்கூடும் என்று தெரியவந்து, தயாரித்த கொம்பனியே அதைத் திருத்திக் கொடுக்க முன்வந்தது. பெயர் பெற்ற கொம்பனியின் புதுப் பொருளிலும் இது நடக்கும் என்பதற்காகவே சொல்கிறேன்.

ரவையின் அளவைப் பற்றி ஓயாத வாதம் உண்டு, அதில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்கிறேன். உறுதியானது: 9 மில்லிமீற்றர் பராபெல்லம் ரவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே புழக்கத்தில் இருப்பது, உலகில் மிகப் பரவலாகக் கிடைப்பது, பின்னடிப்பும் வலுவும் ஓரளவு சமநிலையில் இருப்பது. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு அதிகாரிகளை இழந்த அமெரிக்க மத்திய புலனாய்வுப் பிரிவான எஃப்பிஐ, 9 மில்லிமீற்றர் போதாது என்று கருதிப் பெரிய ரவைகளுக்கு மாறியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், சன்னங்களின் வடிவமைப்பு மேம்பட்டுவிட்டதாலும் பெரிய ரவையில் அதிகாரிகள் குறி தவறுவது கூடுதலாக இருந்ததாலும், மீண்டும் 9 மில்லிமீற்றருக்கே திரும்பியது. ஐயத்துக்குரியது: ஒரே வெடியில் ஆளை வீழ்த்தும் வலு இந்த ரவைக்கு உண்டு, அந்த ரவைக்கு இல்லை என்று அட்டவணை போட்டுச் சொல்வதெல்லாம். அந்த எண்களை நம்ப வேண்டாம். பிஸ்டல் ரவை பட்ட மனிதர் உடனே விழுவார் என்பது சினிமாவில் மட்டும் நிச்சயம். பட்ட பிறகும் பல விநாடிகள் ஓடவும் வெட்டவும் முடிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

குழல் குட்டையாகும்போது சன்னத்தின் வேகமும் குறைகிறது. உடலுக்குள் விரியும்படி செய்யப்பட்ட சன்னங்கள் விரிவதற்குக் குறிப்பிட்ட வேகம் தேவை என்பதால், மிகச் சிறிய பிஸ்டலில் அவை சில வேளைகளில் விரியாமலே போகும். நம் நாட்டில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் முழுவதும் செம்பு உறை போர்த்திய சாதாரண சன்னமே. அது விரியாது, ஆளைத் துளைத்து மறுபுறம் வெளியேறி மேலும் போகும் வலு உள்ளது. நீங்கள் போய்வரும் இடங்களை எண்ணிப் பாருங்கள். கிடுகு வேலி, தகரக் கொட்டில், பலகைக் கதவு, வாகனத்தின் பக்கக் கதவு ஆகிய எதுவும் அதைத் தடுத்து நிறுத்தாது. வட்டைக்குள் இருக்கும் வாடியில் ஒரு குடும்பம் உறங்கிக்கொண்டிருக்கலாம். சுடுகின்ற திசையில் பின்னால் என்ன இருக்கிறது என்பதைச் சுடுவதற்கு முன்னரே அறிந்திருக்க வேண்டிய பொறுப்பு, இருட்டிலும், உங்களையே சாரும்.

விசையையும் பாதுகாப்புப் பூட்டையும் பற்றி ஒரு சொல். சில பிஸ்டல்களில் வெளியே தள்ளும் பூட்டு உண்டு. சிலவற்றில் விசைக்குள்ளேயே சிறு நாக்கு இருக்கும், விரல் படாதவரை அது விசையை அசையவிடாது. இரண்டாவது வகையில் மறந்துபோவதற்குப் பூட்டு இல்லை என்பது நன்மை. விசையில் விரலோ துணியோ சாவிக்கொத்தோ பட்டால் சுட்டுவிடும் என்பது ஆபத்து. ஆகவே அந்த வகையைச் சாரத்தின் மடியிலோ காற்சட்டைப் பையிலோ வெறுமனே வைக்கவே கூடாது. விசையை முழுவதும் மூடும் உறுதியான உறை வேண்டும். நம் பகுதியில் இடுப்புச் சாரத்தில் செருகுவது எளிதாகத் தோன்றும். தொடையில் சுட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஒருவருடைய கால் பிழைக்கவில்லை.

இன்னொன்று, வெளிநாட்டு மதிப்புரைகளில் காண முடியாதது, நம் கடற்கரையில் வாழ்பவர்கள் கட்டாயம் எண்ண வேண்டியது: உப்புக்காற்று. கல்லடியிலிருந்து பொத்துவில் வரை கரையோரம் முழுவதும் இரும்பு எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கிறது என்பதை உங்கள் ஆலையின் கதவுக் கீல்களே சொல்லும். இப்போதைய பிஸ்டல்களின் ஸ்லைட்டுக்குக் கடினமான மேற்பூச்சு உண்டு, வெளியே பார்க்கப் பளிச்சென்றே இருக்கும். துரு தொடங்குவது உள்ளே. மகசினின் சுருளிலும், சிறு ஊசிகளிலும், குறிகாட்டியின் திருகிலும். உடம்போடு ஒட்டி மறைத்துக் கொண்டுபோகும் பிஸ்டல் வியர்வையிலும் நனைகிறது. தோல் உறைக்குள் மாதக்கணக்கில் வைத்துவிட்டால் தோல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும். களஞ்சியத்தில் இருந்தபோது, மாரி காலத்தில் வாரம் ஒரு தடவை கழற்றித் துடைத்து எண்ணெய் பூசாத எந்தப் பிஸ்டலையும் நான் வெளியே கொடுத்ததில்லை. எண்ணெயும் மெல்லிய படலமாகத்தான் இருக்க வேண்டும். வழிய விட்டால் வயற் புழுதியை அது சேர்த்து வைத்துக்கொள்ளும், ரவைக்குள்ளும் கசியும். நெல் ஆலையின் உமித்தூசி இன்னும் மோசம்.

ஆயுதத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் நான் செய்வதை அப்படியே சொல்கிறேன். முதலில் மகசினைக் கழற்றி, ஸ்லைட்டைப் பின்னிழுத்து, குழலுக்குள் ரவை இல்லையென்பதைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் உறுதிசெய்வேன். கொடுத்தவர் காலியென்று சொல்லியிருந்தாலும் செய்வேன். பிறகு ஒரு கையால் பிடித்து, சுட்டுவிரலின் நுனிச் சதை விசையின் நடுவில் இயல்பாகப் படுகிறதா, அதற்காகப் பிடியைத் திருக வேண்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். திருக வேண்டியிருந்தால் அது எனக்கான பிஸ்டல் அல்ல. ஸ்லைட்டைப் பத்துத் தடவை இழுப்பேன். சிறியவற்றில் சுருள் கடுமையானது என்று சொன்னேனே, வயது போனவர்களுக்கும் கைமூட்டு நோவுள்ளவர்களுக்கும் ஐந்தாவது தடவையிலேயே விரல் வழுக்கும். மகசின் தன் எடையாலேயே கீழே விழுகிறதா, பொத்தானை அழுத்தப் பிடியை மாற்ற வேண்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். கண்ணை மூடிக்கொண்டு சுவரை நோக்கி உயர்த்தி, பின்பு கண்ணைத் திறப்பேன். குறிகள் ஏறத்தாழ நேராக நின்றால் பிடியின் கோணம் என் கைக்குப் பொருந்துகிறது. இவ்வளவுக்கும் பத்து நிமிடம் போதும். இணையத்தில் பார்க்கும் நூறு காணொளிகளைவிட இந்தப் பத்து நிமிடம் உங்களுக்குக் கூடுதலாகச் சொல்லும், ஏனென்றால் அவற்றில் இருப்பது வேறொருவருடைய கை.

இப்போது இரண்டாவது கேள்வி. அமெரிக்காவின் சால்ட் லேக் நகரப் பொலிஸ் பயிற்றுநர் டெனிஸ் டூலர், 1980களின் தொடக்கத்தில் எளிய சோதனையொன்றைச் செய்து எழுதினார். கத்தியோடு ஓடிவரும் ஒருவர் 21 அடியை, அதாவது ஏறத்தாழ 6.4 மீற்றரை, ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறார்; உறையிலிருந்து பிஸ்டலை உருவிக் குறிபார்த்துச் சுட, பழகிய அதிகாரிக்கும் அதே ஒன்றரை விநாடி ஆகிறது. இதை மாறாத விதியாகக் கொள்ளக் கூடாது, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் நெருங்கிய தூரத்தில் நேரம் தாக்குபவரின் பக்கமே இருக்கும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. உங்கள் நிலைமை அதிலும் கடினமானது. நீங்கள் வாகனத்தில் உட்கார்ந்திருப்பீர்கள், கைகள் ஸ்டியரிங்கில் இருக்கும், இருக்கைப் பட்டி இடுப்பின் மேல் கிடக்கும், சட்டை பிஸ்டலை மூடியிருக்கும். ஆழமாக மறைத்து வைத்த சிறிய பிஸ்டலை அந்த நிலையில் வெளியே எடுப்பது, நின்றுகொண்டு எடுப்பதைவிட மிகவும் மெதுவான காரியம். வழிமறிப்பவர்கள் இருவரோ மூவரோ வருவார்கள், அவர்களே முதலில் தொடங்குவார்கள், பணம் மட்டுமே வேண்டும் என்று வந்தவர்கள் உங்கள் கையில் ஆயுதத்தைக் கண்டதும் உயிரையும் எடுக்கத் துணிவார்கள்.

ஆகவே பின்தொடர்ந்தார்கள் என்று சொன்னீர்களே, அதைத்தான் நான் முதலில் கவனிப்பேன். இரண்டு தடவை பின்தொடர்ந்திருக்கிறார்கள் என்றால், நீங்கள் எந்த நாளில், எந்த வீதியால், எத்தனை மணிக்குப் பணத்தோடு திரும்புவீர்கள் என்பது யாருக்கோ தெரிந்திருக்கிறது. அந்தத் தகவல் உங்கள் ஆலையிலிருந்தோ கொள்வனவு செய்யும் இடத்திலிருந்தோ போயிருக்க வாய்ப்புண்டு. இரண்டு சம்பவங்களையும் பொலிஸில் எழுத்து மூலம் முறையிட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றே செய்யுங்கள். அனுமதி விண்ணப்பத்துக்கும் அதுவே முதல் ஆதாரம். விவசாயிகளில் பெரும்பாலோரிடம் வங்கிக் கணக்கு இருக்கிறது, கொடுப்பனவில் பாதியையாவது கணக்கு மாற்றமாகச் செய்தாலே நீங்கள் சுமக்கும் தொகை பாதியாகும். மிகுதியைப் பகலில், இருவராக, ஒவ்வொரு தடவையும் வேறு பாதையில் கொண்டுபோங்கள். பின்னால் விளக்கணைத்த வண்டி வந்தால் வீட்டுக்குத் திரும்பாமல் ஆளிருக்கும் சந்திக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ நேரே ஓட்டுங்கள். இவை எதற்கும் அனுமதிப்பத்திரம் தேவையில்லை.

வீட்டைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா, மனம் சோர்ந்த யாராவது இருக்கிறார்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வொன்று, கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தம்முயிரை மாய்த்துக்கொண்டது, வைத்திராத ஆண்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு என்று கண்டது. அந்த நாடு வேறு, வாழ்க்கை வேறு, ஆகவே அந்த எண்ணை அப்படியே நமக்குப் பொருத்த மாட்டேன். ஆயினும் கடனும் வெள்ளமும் விளைச்சல் இழப்பும் மனிதர்களை எந்த எல்லைக்குத் தள்ளுகின்றன என்பதை நம் மாவட்டங்களில் வேலை செய்த பொலிஸ்காரர் எவரும் அறிவர். சுவரில் திருகி இறுக்கிய இரும்புப் பெட்டி, அதன் சாவி உங்களிடம் மட்டும், ரவை வேறொரு பூட்டுக்குள். இதைச் செய்ய முடியாத வீட்டில் பிஸ்டல் இருக்கக் கூடாது என்பது என் முடிவு. வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லாத காலம் வந்தால், அந்தக் காலம் முடியும் வரை அதை வீட்டை விட்டே அகற்றிப் பொலிஸ் பொறுப்பில் ஒப்படைக்கப் பேசுங்கள்.

போர்க்காலத்தில் பிறந்து வளர்ந்த நம் தலைமுறைக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. துவக்குகளை எங்கும் பார்த்தே வளர்ந்ததால் நமக்கு அவை தெரியும் என்ற நினைப்பு உள்ளே இருக்கிறது. ரீ-56 துப்பாக்கியைத் தோளில் மாட்டியவரை வீதியில் தினமும் கண்டவர்தான் நீங்களும், நானும். கையில் பிஸ்டலை வாங்கியவுடன் விரலை நேராக விசையில் வைத்தவர்கள் எல்லோரும் அப்படிக் கண்டு வளர்ந்தவர்களே. விரலை அடிச்சட்டத்தின் பக்கவாட்டில் நீட்டி வைத்திருக்கப் பழக்குவதற்கே எனக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு அனுமதி கிடைத்து, அளவைத் தெரிவுசெய்யும் வாய்ப்பும் உங்களுக்கு இருந்தால், என் பதில் இது: மிகச் சிறியதை விட்டுவிடுங்கள். க்ளொக் 19 அளவிலுள்ள, பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த, உதிரிப் பாகங்களும் கூடுதல் மகசினும் கிடைக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். பெரிய கை என்றால் முழு அளவையே கேளுங்கள்; தளர்வான மேற்சட்டைக்குள் அதுவும் மறையும், வாகனத்தில் இருக்கும்போது மறைப்பதைவிடக் கைக்கு எட்டுவதே முக்கியம். மூன்று விரலும் பிடியில் முழுமையாக அமர வேண்டும், ஸ்லைட் பத்துத் தடவையும் வழுக்காமல் வர வேண்டும். அனுமதியோடு கிடைக்கும் ரவைகளில் ஒரு பகுதியை அனுமதிபெற்ற சுடுதிடலில், தகுதியுள்ள ஒருவரின் கண்காணிப்பில், அதே ரவையால் அதே மகசினால் சுட்டுப் பாருங்கள். ஒரு தடவை சிக்கினாலும் காரணம் தெரியும் வரை அதை இடுப்பில் கட்டாதீர்கள். வீட்டில், ரவைகள் வேறு அறையில் பூட்டியிருக்க, காலிப் பிஸ்டலை உறையிலிருந்து எடுத்து உயர்த்தி விசையை அசையாமல் அழுத்தும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாள் பத்து நிமிடம் செய்யுங்கள். உட்கார்ந்த நிலையிலும், இருக்கைப் பட்டி போட்ட நிலையிலும் செய்து பாருங்கள். அப்படி ஒரு மாதம் செய்த பிறகும் எடுக்கும்போது சட்டை மாட்டிக்கொண்டால், உறையின் இடத்தை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் மாட்டிக்கொண்டால், பெட்டிக்குள் பூட்டிவிட்டுப் பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.